துபாஷியின் மௌனம்

கண்டமங்கலத்தில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ருஷ்ய யூதர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1917-ல் ஜார் ஆட்சி போயிற்று. யூதர்களுக்குச் சம உரிமை வந்தது. ஆனால் ஸோவியத் ஆட்சி ஏற்பட்ட சில ஆண்டுகளுக்குள் அவர்களுடைய வேதபாடசாலைகள் மூடப்பட்டன. 1923-ல் கார்க்கோவ் நகரத்துப் பெரிய ஜெபாலயம் யூதத் தொழிலாளர் மன்றமாக மாறிற்று. இவற்றை முன்னின்று நடத்தியவர்களும் யூதர்களே. கட்சியின் யூதப் பிரிவினர். அவர்களுக்குத் தலைவராயிருந்த திமன்ஷ்டைன், ரப்பியாகப் படித்துத் தேறியவர்! 1938-ல் அதே சர்க்கார் அவரைச் சுட்டுக் கொன்றது.

"அதற்கு ருஷ்யா வரைக்கும் போவானேன், ஸார்?" என்று நண்பர் கிழக்கே புதுச்சேரிப் பக்கம் கையைக் காட்டினார்.

உண்மைதான். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த சமயம், கவர்னர் டூப்ளேயின் உத்தரவுப்படி புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஏசு சபைப் பாதிரிமார் வெகுகாலமாகக் கேட்டு வந்த காரியம். யுத்தம் ஒரு சாக்காயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளை அப்போது தலைமைத் துபாஷி. நடந்ததையெல்லாம் வேதனையோடு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். உத்தியோகத்தை விடவில்லை.

அதே நாட்குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அடுத்தபடி மசூதியில் கை வைத்தார்கள். சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் நேரே கவர்னரிடம் போய், அப்படியானால் ஒரு சிப்பாய்கூட இங்கே தங்கமாட்டான் என்றார். இடிப்பு நின்றது.

இந்த இடம்தான் என்னை உறுத்துகிறது. அவரிடம் துப்பாக்கி இருந்தது, பிள்ளையிடம் பேனாதானே இருந்தது என்று சொல்லிவிடலாம். எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்கு இனிக்கிற பதில். ஆனால் முற்றுகைக்குள் அகப்பட்ட கவர்னருக்குப் பிள்ளையும் வேண்டியிருந்தாரே! 'நானும் போகிறேன்' என்று அவர் சொல்லியிருந்தால்? கோயில் தப்பியிருக்குமா, அவர் தலைதான் போயிருக்குமா? ஒன்று மட்டும் அவருக்காகச் சொல்ல வேண்டும்: அப்துல் ரகுமான் செய்ததை அவர் மறைக்கவில்லை. தமக்குப் பக்கத்திலேயே அதை எழுதி வைத்தார்.

"நீங்களாயிருந்தால் வேலையை விட்டிருப்பீர்களோ?" என்று கேட்டார் நண்பர்.

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் ஒரு பியூனை அநியாயமாக நீக்கினார்கள். அந்த உத்தரவைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். அன்று இரவு அவனுக்காக டைரியில் ஒரு பக்கம் எழுதினேன். நல்ல தமிழில்தான் எழுதினேன்.

நண்பரிடம் அதைச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன்.