புத்தியும் ஆன்மாவும் இயந்திரமும்

மனிதர் செய்யும் அறிவுப் பணி எதையும் அவர்கள் அளவுக்காவது செய்யவல்ல ஒரே இயந்திரம்: செயற்கைப் பொது நுண்ணறிவின் இலக்கு இதுதான். சதுரங்கம் மட்டும் ஆடும் நிரல் இந்தக் கணக்கில் சேராது. இதற்குக் கெடு வைத்தவர்கள் தோற்றிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளில் மனிதர் செய்யும் எந்த வேலையையும் இயந்திரம் செய்யும் என்று 1965-இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஹெர்பர்ட் சைமன் எழுதினார். 1985 வந்து போனது. முடியாது என்றவர்களும் தோற்றிருக்கிறார்கள். 'கோ' ஆட்டத்துக்கு உள்ளுணர்வு வேண்டும், கணினிக்கு எட்டாது என்ற பேச்சு 2016-இல் ஆல்ஃபாகோ என்ற நிரலிடம் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோல் தோற்றதோடு அடங்கியது. ஆகவே எப்போது என்பதைப் பொறியாளரிடம் விட்டுவிடலாம். அப்படியொன்று வந்தால் அது என்ன வகைப் பொருள் என்பதே மெய்யியலின் கேள்வி.

1950-இல் 'மைண்ட்' இதழில் இயந்திரம் சிந்திக்குமா என்று எழுதிய கட்டுரையில் கணித அறிஞர் ஆலன் டூரிங் முதலில் எடுத்துக்கொண்டது சமய மறுப்பைத்தான்: சிந்தனை அழியாத ஆன்மாவின் செயல், ஆன்மா மனிதருக்கே அருளப்பட்டது, எனவே இயந்திரம் சிந்திக்காது. கடவுள் நினைத்தால் யானைக்கும் ஆன்மா தரக்கூடாதா என்று டூரிங் திருப்பிக் கேட்டார். சாமர்த்தியமான பதில்தான், ஆனால் சிந்தனையும் ஆன்மாவும் பிரியாதவை என்ற அடிப்படையை அவர் தொடவில்லை.

இந்திய மரபுகள் சில அந்த அடிப்படையையே ஏற்பதில்லை. சாங்கியத்தில் புத்தி பிரகிருதி என்னும் மூலப்பொருளின் விளைவு, அது சடம். சைவ சித்தாந்தமும் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களை, அதாவது அகக் கருவிகளை, மாயையின் காரியமாக 36 தத்துவங்களுள் வைக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம், நான்காம் சூத்திரத்தில், ஆன்மா இக்கரணங்களுள் ஒன்றன்று எனப் பிரித்து, அமைச்சரோடு கூடிய அரசனைப் போல அது நிற்பதாகக் கூறுகிறது. புத்தியின் தொழிலைச் சடப்பொருள் செய்வது இந்த நோக்கில் அதிர்ச்சி தருவதன்று. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஆன்மாவின் கூட்டுறவின்றிக் கரணங்கள் தாமே இயங்கா என்பதும் சித்தாந்தமே. இயந்திரத்தின் பின்னால் நிற்கும் ஆன்மா எது? அதைச் செய்தவரும் ஏவுபவரும் என்பதே பொருந்தும் விடை. இச்சை அவர்களுடையது, இயந்திரம் அவர்களுடைய கரணத்தின் நீட்சி.

பயன் பற்றிய வாதமும் இங்கேதான் வந்து நிற்கிறது. கணக்கிடும் பணிகளில் தகராறு அதிகமில்லை. புரதங்களின் வடிவைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டு நிரலுக்காக அதை உருவாக்கியவர்களுக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தகராறு வேறிடத்தில்: மனிதரின் நம்பிக்கையும் தீர்ப்பும் வேண்டிய பணிகளில். எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கி 1966-இல் வெளியிட்ட 'எலைசா', தட்டச்சு செய்பவரின் சொற்களையே கேள்வியாக்கித் திருப்பித் தரும் எளிய நிரல். அவர் அதை எழுதியதைப் பல மாதம் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதனோடு சில வரி உரையாடியதும், தனியாகப் பேச வேண்டும், வெளியே இருங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டார். வைசன்பாம் கலங்கிப்போனார். கணினிக்குச் சொல்ல முடியாத எதை நீதிபதி அறிந்திருக்கிறார் என்று செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜான் மக்கார்த்தி கேட்டபோது, அப்படிக் கேட்பதே தகாது என்று வைசன்பாம் 1976-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

சித்தாந்தம் இந்த மறுப்புக்கு வலுவூட்டுகிறது. வினை ஆன்மாவைச் சேரும், கரணத்தைச் சேராது. இயந்திரம் எழுதிய தீர்ப்பால் நிரபராதி சிறைக்குப் போனால், பழி நிரலைச் சேராது. நிரலை எழுதியவர், அதை நீதிமன்றத்தில் நிறுவியவர், படிக்காமலே கையெழுத்திட்டவர் ஆகியோரிடையே அதை எப்படிப் பிரிப்பது என்பதைச் சாத்திரம் சொல்லாது. சட்டம்தான் வகுக்க வேண்டும்.