கேளாமல் நின்ற பிணை

புலமைப்பரிசில் கடிதம் ஒன்றில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கொடுப்பவரின் பெயர், மற்றது பெறுபவரின் பெயர். கல்விக் கட்டணம், தங்குமிடம், விமானச் சீட்டு, மாதாந்தப் படி, மருத்துவக் காப்புறுதி என்று வரிசையாக எழுதி, இவை யாவும் இலவசம் என்று அக்கடிதம் சொல்லும். பெறுபவரின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அது உண்மைதான். ஆனால் யாரோ ஒருவர் செலுத்தாமல் எந்தக் கட்டணமும் தீர்வதில்லை. அந்த யாரோ ஒருவர் யார், அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் எத்தகையது என்பதே இங்கு எமது கேள்வி.

இதைப் புலம்பெயர்ந்த எம்மிடையே வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் எமது பிள்ளைகள் வெளியேறிய வழி ஏஜென்சிக்காரனுடையது. காணியை ஈடு வைத்து, நகையை விற்று, நாலு நாடு சுற்றி வந்து சேர்ந்தோம். இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படித்து முடித்த பிள்ளைகள் பலர் புலமைப்பரிசில் விண்ணப்பங்களை நிரப்புகிறார்கள். இது நல்ல மாற்றம். கடலில் தத்தளித்து வருவதைவிடக் கடிதத்தோடு வருவது மேல் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்பு ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் நோக்கியே இருந்த இந்த வாசல் பின்னர் வளைகுடாவிலும் திறந்தது. சவூதி அரேபியாவின் செங்கடற் கரையில், துவால் என்ற இடத்தில், மன்னர் அப்துல்லாவின் பெயரால் 2009 இல் ஒரு விஞ்ஞானப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அனுமதி பெற்ற பட்டப்பின்படிப்பு மாணவர் எல்லோருக்கும் கட்டணமும் படியும் வீடும் கொடுப்பது என்பதே அதன் ஏற்பாடு. அதைக் கட்டி எழுப்பும் பொறுப்பு எண்ணெய்க் கம்பனியான அராம்கோவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கட்டாரில் 1995 இல் உருவான கட்டார் அறக்கட்டளை, டோகாவின் 'கல்வி நகர'த்துக்குள் கோர்னெல், கார்னெகி மெலன், ஜோர்ஜ்டவுன் முதலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளைகளைக் கொண்டுவந்தது. 2010 இல் அங்கே ஹமாட் பின் கலீபா பல்கலைக்கழகமும் எழுந்தது. பல நாட்டு மாணவர்கள் அங்கே உதவித்தொகையோடு முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் படித்திருக்கிறார்கள்.

கட்டாருக்கு இந்தப் பணம் வந்த இடம் டோகாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதுதான் ராஸ் லஃபான். கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் பெரும் எரிவாயுப் படுகை 1971 இல் கண்டுபிடிக்கப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டில்தான். 1991 இல் அங்கிருந்து வாயு எடுக்கத் தொடங்கினார்கள். 1996 இன் இறுதியில் ராஸ் லஃபானிலிருந்து முதற் கப்பல் யப்பானுக்குப் புறப்பட்டது. வாயுவைப் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிர்வித்தால் அது திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலுக்குள் அடங்கும். 2010 முடிவில் கட்டாரின் ஏற்றுமதித் திறன் ஆண்டுக்கு 77 மில்லியன் தொன்னை எட்டியது.

வாயு தானாகக் குளிர்வதில்லை. அந்த ஆலைகளுக்காக நிலத்தைக் கிண்டியவர்கள், சாரம் கட்டியவர்கள், குழாய்களை வெல்டிங் செய்து பொருத்தியவர்கள், குழாய்களுக்குக் காப்புச் சுற்றியவர்கள் நேபாளம், பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ், கேரளம், தமிழ்நாடு, இலங்கை என்று பல இடங்களிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய காம்ப்புகள் அல்கோர்ப் பக்கத்திலும் ஆலை எல்லைக்கு அருகிலும் இருந்தன. அன்று கஃபாலா முறைப்படி, வேலை மாறவும் நாட்டைவிட்டு வெளியேறவும் முதலாளியின் அனுமதி வேண்டும். பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதி 2018 இல் நீக்கப்பட்டது. வேலை மாறும் அனுமதி 2020 இல் நீக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளமாக மாதம் 1,000 ரியால் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது ஏறத்தாழ 275 டொலர். ராஸ் லஃபானின் முதல் ஆலைகள் எழுந்த 1990களில் இவை எதுவும் இருக்கவில்லை.

ஆக, ஒரே நாட்டில் ஒரே வாயுவிலிருந்து இரண்டு வகைக் கடிதங்கள் பிறந்தன. ஒன்று வேலை ஒப்பந்தம், மற்றது புலமைப்பரிசில். ஒரே ஊரிலிருந்து, ஏன் ஒரே வீட்டிலிருந்துகூட, ஒருவர் முதலாவதோடும் மற்றவர் இரண்டாவதோடும் போய் இறங்கக் கூடும். இவர்களில் ஒருவர் மற்றவருக்கு என்ன வேண்டும் என்பதற்கு எம்மிடம் உறவுச்சொல் உண்டு. கணக்குச் சொல் இல்லை.

கொடுத்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் எமக்குப் பழகிய விடை. எமது மண்ணில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க மிஷனரிகள் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் படித்த பிள்ளைகளில் பலருடைய செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் ஏற்றார்கள். அந்த அமெரிக்கர்களின் பெயர்கள் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று எமது கல்வி வரலாற்றில் வரும் பெயர்களின் முன்பாதி அப்படி வந்ததுதான். உதவியைப் பெற்றவர் உதவியவரின் பெயரை வாழ்நாள் முழுதும் சுமந்தார். ஆனால் 1855 இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. படித்தவர்கள் மிஷன் ஊழியத்துக்கு வராமல் ஆங்கிலப் படிப்பைக் கொண்டு அரசாங்க உத்தியோகங்களுக்குப் போகிறார்கள் என்பது மூடச் சொன்னவர்களின் முக்கியமான முறைப்பாடு. இன்று 'மூளை வெளியேற்றம்' என்று பேசப்படும் முறைப்பாட்டின் பழைய வடிவம் இது. கொடுத்தவர் கணக்குக் கேட்டார், கணக்கு நேராகவில்லை, கடையைச் சாத்தினார்.

பிறகு கடன் கொடுத்தவரின் இடத்தில் அரசு வந்து அமர்ந்தது. இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாடு போகும்போது, திரும்பி வந்து குறித்த காலம் பணிசெய்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 'பொண்ட்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதற்குப் பிணையாளிகளும் கையொப்பமிட வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பணத்தைப் பிணை நின்றவரிடம் அறவிடலாம். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1983 இற்குப் பிறகு திரும்ப முடியாதவர்களும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1970களில் தரப்படுத்தலால் எமது மாணவரின் வழியை மறித்த அரசு, 1981 இல் யாழ் நூலகம் தன் பொலிசாரின் கண்முன்னே எரிய நின்ற அரசு, 1983 இல் வீடுகள் எரிகையில் காப்பாற்றாத அரசு, 'உனக்குச் செலவழித்தேன், திரும்பி வா' என்று ஒரு தமிழ் விரிவுரையாளரிடம் கேட்கும் தார்மீக உரிமையை இழந்துவிட்டது என்று நாம் வாதாடலாம். அந்த வாதம் வலுவானது. ஆனால் பிணைக்குக் கையொப்பமிட்டவர் யார்? பக்கத்து அறைச் சக விரிவுரையாளர், அல்லது ஒரு மாமா, அல்லது படிப்பித்த ஆசிரியர். நூலகத்தை எரித்தவர் அவரல்லர். அரசுக்குப் பட்ட கடன் ரத்தாகிவிட்டது என்று சொன்னாலும், பிணை நின்றவருக்குப் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. கொடுத்தவரும் பிணையாளியும் ஒருவரல்லர் என்பதை இந்த உதாரணம் தெளிவாகக் காட்டுகிறது.

இனி, கையொப்பமிடாமலே பிணையாக்கப்பட்டவர்களை நினைத்துப் பார்ப்போம். கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. எம்மில் அநேகரைப் படிக்க வைத்தது அதுதான். அந்நாளில் அரசின் கையிலிருந்த வருமானத்தில் பெரும் பங்கு தேயிலை முதலான தோட்டப் பயிர்களின் ஏற்றுமதியைச் சார்ந்திருந்தது. கொழுந்து பறித்த மலையகத் தமிழரின் குடியுரிமை 1948 இல் பறிக்கப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் தோட்டப் பாடசாலைகளில் ஒற்றை அறையில் ஆரம்ப வகுப்புகளோடு நின்றார்கள். அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை இலவசமாகப் படித்துப் பேராதனைக்கும், பேராதனையிலிருந்து இலண்டனுக்கும் போனபோது, அந்தப் படிக்கட்டின் அடியில் கூடையோடு நின்ற பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ராஸ் லஃபானில் சாரத்தில் நிற்பவருக்கும் கூடையோடு நின்ற அந்தப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கில் ஒரே இடம்தான். இருவரும் கேளாமல் நின்ற பிணை.

இதற்கு மறுப்புகள் உண்டு. தொழிலாளி தன் விருப்பத்தில் வந்தார், சம்பளம் வாங்கினார், கணக்குத் தீர்ந்தது என்பது ஒன்று. காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டி வருபவரின் விருப்பம் எப்படிப்பட்டது என்பதை எம்மைவிட யார் அறிவார்? இரண்டாவது, எல்லாப் பணமும் அப்படித்தானே என்பது. உண்மைதான். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்த எலிகு யேல், 1718 இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குப் புத்தகங்களும் பொதிகளாகச் சரக்கும் அனுப்பினார். சரக்கு 562 பவுணுக்கு விற்றது, கல்லூரி அவருடைய பெயரைச் சூடிக்கொண்டது. அவருக்குச் செல்வம் தந்த வியாபாரத்தில் சோழமண்டலக் கரை நெசவாளரின் துணியும் உண்டு. அவர்களுக்கு யேல் என்ற பெயரால் எந்தப் பயனும் இல்லை. எல்லாப் பணமும் அப்படித்தான் என்பது கடன் நெடுங்காலத்தது என்பதை நிறுவுகிறதே ஒழியக் கடன் இல்லை என்பதை நிறுவவில்லை.

மூன்றாவது மறுப்பே கனமானது. 'அப்படியானால் நான் இந்தப் புலமைப்பரிசிலை மறுக்க வேண்டுமா? மறுத்தால் அந்தத் தொழிலாளிக்கு ஒரு ரியால் கூடுமா?' என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வது? கூடாது என்பதே நேர்மையான விடை. அவள் மறுக்கும் இடத்துக்கு வேறொருவர் வருவார். அவளுக்குச் சுத்தமான கைகள் மிஞ்சும், அவ்வளவே. வறிய வீட்டுப் பிள்ளையிடம் போய் உன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று சொல்ல, ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட எமக்கு உரிமை இல்லை. குற்றமும் கடனும் வேறு வேறானவை. அவள் கஃபாலாவை உண்டாக்கியவள் அல்லள், ஆகவே குற்றம் இல்லை. அதன் பயனைப் பெறுகிறாள், ஆகவே கடன் உண்டு. குற்றத்துக்குத் தண்டனை வேண்டும். கடனைத் தீர்க்க வழி வேண்டும்.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை ஓர் அதிகாரமாகவும் ஒப்புரவறிதலை வேறோர் அதிகாரமாகவும் வைத்தார். நன்றி என்பது உதவியவருக்கும் உதவப்பட்டவருக்கும் இடையிலானது. ராஸ் லஃபான் தொழிலாளி யாருக்கும் உதவ நினைக்கவில்லை. அவர் தன் வீட்டுக்கு உழைத்தார். அவரிடம் போய் நன்றி சொன்னால் எதற்கென்று அவருக்குப் புரியாது. இங்கே தேவைப்படுவது ஒப்புரவு. தன்னிடம் வந்து சேர்ந்தது தனக்கு மட்டும் உரியதல்ல என்று அறிந்து நடப்பது.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? 2019 இல் இதயநோய் ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. 2009 முதல் 2017 வரை கட்டாரில் இறந்த 1,300 இற்கு மேற்பட்ட நேபாளத் தொழிலாளரின் மரணங்களை ஆய்வாளர்கள் அந்தந்த மாதத்து வெப்பத்தோடு ஒப்பிட்டார்கள். அவர்களில் பலர் இதயம் நின்றது, இயற்கை மரணம் என்று பதிவாகிப் பெட்டியில் வீடு திரும்பியவர்கள். வெப்பம் கூடிய மாதங்களில் இதய மரணங்கள் கூடின என்று அக்கட்டுரை காட்டியது. 2021 இல் கட்டார் தன் விதியை மாற்றியது. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் ஆனது. ஒரு கட்டுரை மட்டும் இதைச் செய்துவிடவில்லை. தொழிற்சங்கங்களும் சர்வதேச அமைப்புகளும் ஆண்டுக்கணக்காகக் கத்தினார்கள். ஆயினும் எண்ணுவதற்குப் படித்தவர்கள் அந்தப் பெட்டிகளை எண்ணினார்கள். படிப்பால் செலுத்தக்கூடிய கடன் இப்படிப்பட்டது.

எல்லோரும் வெப்பத்தைப் பற்றியே ஆராய வேண்டும் என்பதில்லை. ஆகக் குறைந்தது, தன் கெட்டித்தனத்தால் மட்டுமே இவ்விடத்துக்கு வந்தேன் என்று சொல்லாதிருக்கலாம். கட்டாரில் வேலை செய்த அண்ணனைப் பற்றிக் கேட்டால் 'அவர் படிக்கேல்லை' என்று ஒரே வரியில் முடிக்காதிருக்கலாம். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் அறக்கட்டளைக்கும் மேற்பார்வையாளருக்கும் நன்றி எழுதும்போது இன்னொரு வரிக்கு இடம் விடலாம். காம்ப்பில் ஒருவருடைய சம்பளம் நாலு மாதம் நின்றால், ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கலாம். இவை சின்ன விடயங்கள்தான். ஆனால் வட்டுக்கோட்டையில் கொடுத்தவரின் பெயரை ஒருவர் ஆயுள் முழுதும் சுமந்தாரே, அதனோடு ஒப்பிட்டால் இது அப்படியொன்றும் பெரிய பாரமில்லை.

பல்கலைக்கழகத்துப் பிணையாளியிடம் ஒரு பத்திரம் உண்டு. போனவர் வராவிட்டால் அதை எடுத்துக் காட்டி, 'உன்னை நம்பிக் கையெழுத்து வைத்தேன்' என்று கேட்க அவரால் முடியும். ராஸ் லஃபானில் நின்றவரிடம் அப்படி ஒரு பத்திரம் இல்லை. தான் பிணை நின்றது அவருக்கே தெரியாது. அவர் வந்து கேட்கப்போவதில்லை. கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.