அருகில் செல்வோர் கடன்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்துக் காட்டினார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு அவர் சேர்த்து நிறுத்திய நான்காமவன் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கம் சென்று நிற்பவன் அவன். மாணவர்கள் முதல் மூன்றையும் ஒப்பித்துவிட்டு நான்காவதில் தடுமாறுவதுண்டு. இன்று அந்த நான்காம் இடத்தில் நிற்போர் பெரும்பாலும் தாதியரே.

கொள்ளைநோய்க் காலத்தில் அவர்தம் நிலை விந்தையானது. விலகி நில் என்பதே ஊருக்கெல்லாம் முதல் மருந்தாகிறது; தாதிக்கு மட்டும் அருகில் செல் என்பது கட்டளை. சிங்கப்பூர் இதனை 2003இல் கண்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோய்க்கென ஒதுக்கப்பட்டது. நோய் கண்ட 238 பேரில் 33 பேர் மாண்டனர். நோயுற்றோரில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கினர் மருத்துவப் பணியாளர்கள். மாண்டோருள்ளும் மருத்துவரும் தாதியரும் இருந்தனர். சீருடையோடு பேருந்தில் ஏறிய தாதியைக் கண்டு விலகி அமர்ந்தவர்களும் அந்நாளில் உண்டு.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 2020 ஏப்ரலில், கொவிட்-19 பரவி வந்த வேளையில், பணியினின்று நீங்கியிருந்த தாதியரையும் பிற மருத்துவப் பணியாளரையும் உதவிக்கு வருமாறு சுகாதார அமைச்சு அழைத்தது. பிரிட்டனிலும் அவ்வாறே தற்காலிகப் பதிவேடு திறக்கப்பட, ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தனர்.

சார்ஸ் நோயாளிகளைப் பேணிப் பின்னர்ப் பணி விலகிய தாதி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. வீட்டில் முதிய தாய் இருக்கிறார். அழைப்பு வருகிறது. அவர் சென்றே ஆகவேண்டுமா?

ஆம் என்போர் போர்வீரனை உவமை காட்டுவர். உவமை பொருந்தவில்லை. வீரன் தன் பகைவனைக் கைப்பிடித்து வீட்டிற்கு அழைத்து வருவதில்லை. தாதியோ அறியாமலே நோயை இல்லத்திற்குள் கொண்டுவரக்கூடும். தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவர்க்கு உரிமை உண்டு எனலாம். தாயின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை அவருக்குத் தந்தவர் யார்?

இல்லை என்போர், விலகல் கடிதத்தோடு கடமை முடிந்தது என்பர். அதுவும் முழு உண்மை அன்று. தாதியின் கைத்திறன் ஏட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. பயிலுங்காலத்தில் நடுங்கிய கையால் அவர் ஊசி குத்தியபோது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவர்கள் யாரோ சில நோயாளிகள். மூச்சுத் திணறும் ஒருவரை, பொருத்திய குழாய்கள் கழன்றுவிடாமல், குப்புறத் திருப்பிப் படுக்கவைக்க ஐந்தாறு பேர் ஒரே உடல்போல் இயங்க வேண்டும். அத்தகைய பழக்கமெல்லாம் முகமறியாத பலர் தம் வேதனையைக் கொடுத்துக் கற்பித்த கல்வி. கடிதம் கொடுத்துவிட்டதால் அக்கல்வி கையைவிட்டுப் போய்விடாது. அந்த அளவில் கடன் உண்டு என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும், கடன் உண்டு என்பது வேறு. அதனைக் கேட்டு வாங்கும் தகுதி ஊருக்கு உண்டா என்பது வேறு. அன்று பேருந்தில் விலகி அமர்ந்த ஊர், 2020இல் மாடியில் நின்று கைதட்டியவுடன் கணக்குத் தீர்ந்தது என எண்ணலாகாது. தியாகம் என்னும் சொல்லும் இங்கே ஐயத்திற்குரியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் செல்வ நாடுகள் பலவற்றிலுமே முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் போதவில்லை. வெறுங்கையோடு ஒருவரை அனுப்பிவிட்டு அதனைத் தியாகம் எனப் போற்றுவது, அனுப்பியவரின் தவற்றை மாலையிட்டு மறைப்பதாகும். வர இயலாதென்ற தாதியைக் கோழை என்பதற்கோ எவர்க்கும் வாயில்லை.

இந்தத் தாதி செல்லவே முடிவு செய்கிறார் என்று கொள்வோம். அத்திங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் நோய் விரைந்து பரவியது. அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோரும் பலர். காய்ச்சலில் கிடக்கும் இளைஞனிடம், “தம்பி, எங்கே வலிக்கிறது?” என்று தமிழில் கேட்கும் குரல் அங்கே தேவைப்பட்டது. அதை அவர் அறிவார். ஆனால், படிவத்தில் கையெழுத்திடும்முன் அவர் கேட்கும் முதற்கேள்வி ஊதியத்தைப் பற்றியதாக இராது. பணி முடிந்த இரவுகளில், தாயிருக்கும் வீட்டிற்குப் போகாமல் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்குமா என்றே கேட்பார்.