பக்கத்து வீட்டுச் சத்தம்

சென்னைக் கோவிலம்பாக்கத்து அடுக்ககங்களில் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதுகூடத் தெரியும். அடி விழும் சத்தம் கேட்டால் மட்டும் டிவியின் ஒலி கூடுகிறது. “புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நாம எதுக்கு நடுவுல?” என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

அந்த நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கதவைத் தட்டியவர் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அந்தப் பெண்ணுக்கோ அன்றைய இரவும் அங்கேதான். “ஊரைக் கூட்டினியா?” என்று இன்னும் நாலு அடி விழலாம். எப்படித் தலையிடுவது என்பதில் கவனம் வேண்டும் என்றுதான் இதற்குப் பொருள். காதைப் பொத்திக்கொள்ள இது அனுமதி ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், அக்கம்பக்கத்தார் உட்பட யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டப் பொறுப்பு எதுவும் வராது. பலருக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய தேவையோ பெரிது: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள்.

சத்தமே வராத வன்முறைக்கு என்ன செய்வது? இங்கேதான் இலக்கியம் தேவைப்படுகிறது. சென்னையில் பிறந்த மீனா கந்தசாமி தன் மணவாழ்விலிருந்து எடுத்து எழுதிய ஆங்கில நாவல் ‘வென் ஐ ஹிட் யூ’ (2017). புரட்சி பேசும் கல்லூரி ஆசிரியர் கணவர். முதலில் மனைவியின் ஃபேஸ்புக் கணக்கு போகிறது, பிறகு மின்னஞ்சல் அவர் கைக்குப் போகிறது. அடி அதற்கப்புறம்தான். பெற்றோரோ பொறுத்துப்போகச் சொல்கிறார்கள். காவல் நிலையப் புகாரில் காயமும் தேதியும் இருக்கும். இந்த வரிசை இருக்காது. “படிச்ச பொண்ணு, ஏன் அன்னைக்கே கிளம்பி வரல?” என்று கேட்பவர்கள் இதைப் படித்தால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கக் கூசுவார்கள்.

நாவலின் தொடக்கத்தில், மகள் வீடு திரும்பிய கோலத்தைத் தாய் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறாள். மகளின் துயரம் தாயின் கதையாகிவிடுகிறது. உதவப் போகும் அக்கம்பக்கத்தாருக்கும் இந்த ஆபத்து உண்டு: அடிபட்ட பெண் சொன்னது இரவுக்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடக் கூடாது. கணவன் வேலைக்குப் போன நேரத்தில், தனியாக, “உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லிவைக்கலாம். “இப்போ வேணாம்க்கா” என்றால் காத்திருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் யார் சம்மதத்துக்கும் காத்திராமல் 112-ஐ அழைத்துவிட வேண்டும்.