வீடு யாருக்காக?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் பணம் கரையும், மனிதர்களின் சாயம் வெளுக்கும் என்பது அதன் சாதாரணப் பொருள். எனக்கு இன்னொரு பொருளும் தோன்றுவதுண்டு. தனக்காகச் செய்வதாக நினைத்துக் கொண்டு ஒரு மனிதன் பிறர் கண்ணுக்காகக் கையிருப்பையெல்லாம் செலவழிப்பது இந்த இரண்டு காரியங்களில்தான். கல்யாணமாவது இரண்டு நாளில் முடிந்துவிடும். வீடு அப்படியல்ல. பிறர் கண்ணுக்காகக் கட்டிய வீட்டில் முப்பது நாற்பது வருஷம் நாமே குடியிருந்து தீர வேண்டும்.

ஆகையால் வீடு கட்டப் புறப்படுகிறவர், செங்கல் விலையையும் சிமெண்டு விலையையும் விசாரிப்பதற்கு முன்னால் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்வது நல்லது. 'இதை நான் யாருக்காகக் கட்டுகிறேன்?'

"இது என்ன கேள்வி? என் மனை, என் பணம், என் வீடு. எனக்காகத்தான் கட்டுகிறேன்!" என்று பதில் வரும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இந்தப் பதில் செல்லும். ஆனால், கட்டுகிறவருடைய நடத்தையைக் கவனித்தால் அது செல்லுபடியாகாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீடு கட்டினார். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று மாத காலம் யோசித்தார். எந்தத் தெருவில் எந்த வீட்டின் தூண் அழகு, எந்த வீட்டின் கேட் கம்பீரம் என்று என்னையும் இழுத்துக் கொண்டு ஊரைச் சுற்றினார். ஒரு நாள் நான் போயிருந்தபோது மேஸ்திரி வந்து, "அடுப்பு மேடை எவ்வளவு உயரம் வைக்கட்டும், சார்?" என்று கேட்டார். "எல்லா வீட்டிலும் வைக்கிற மாதிரி வைத்துவிடுங்கள்" என்றார் நண்பர். மூன்று மாதம் முகப்புக்கு. மூன்று விநாடி மேடைக்கு! நிலைப்படி ஓரமாக நின்று கொண்டிருந்த அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை.

"நீங்கள் சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றேன் பிறகு.

"என்னைக் கேட்டால்தானே அண்ணா சொல்லுவேன்?" என்று சிரித்தார் அவர். அவர் உயரம் சராசரிக்கும் குறைவு. அந்த மேடையின் முன் தினம் மூன்று வேளை தோளைத் தூக்கிக் கொண்டு நிற்கப் போகிறவர் அவர்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு தர்ம சங்கடம் தோன்றுகிறது. பிறரை நினைப்பது நல்ல குணம் என்று குழந்தைப் பருவத்திலிருந்து நமக்குச் சொல்லித் தருகிறார்கள். முகப்புக்கு அள்ளிக் கொட்டுகிறவரும் பிறரைத்தானே நினைக்கிறார்? அப்படியானால் அவரைக் குறை சொல்வது எப்படி?

விடை இதுதான் என்று நினைக்கிறேன். 'பிறர்' என்பதில் இரண்டு வகை உண்டு. நம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. நம் வீட்டின் பலனை அனுபவிக்க வேண்டியவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் தெருவில் போகும்போது அரை நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்கள், மறந்து போவார்கள். இரண்டாம் வகையினரால் மறக்க முடியாது. நாம் கடன் வாங்குவது முதல் வகையினருக்காக. சிக்கனம் பிடிப்பது இரண்டாம் வகையினரிடம். வீடு கட்டுவதில் உள்ள அநியாயம் பெரும்பாலும் இந்த இடமாற்றந்தான்.

இரண்டாம் வகையினர் யார் யார்?

முதலில், சமைக்கிறவர். அவரை மேடைக்கு முன்னால் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே கோடு போட்டால் மேடையின் உயரம் வந்துவிடும். இதற்குச் செலவு ஒரு துண்டுச் சாக்பீஸ். புகை போக வழி, முகத்துக்கு நேரே வெளிச்சம், கை எட்டும் தூரத்தில் அலமாரி, இவ்வளவுதான் அவர் கேட்பது. அடுத்தாற்போல் வீட்டில் இருக்கும் வயதானவர். இரவில் எழுந்து குளியலறைக்குப் போகிறவருக்கு இடையில் படி இருக்கக் கூடாது. தரை வழுக்கக் கூடாது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். பளபளக்கும் தரைக்கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது விருந்தாளியின் வியப்பு நம் மனசில் நிற்கிறது. ஈரக் காலோடு வரும் பாட்டி நிற்பதில்லை.

பிறகு, வீட்டைக் கட்டுகிறவர்கள். வெயிலில் கலவை சுமக்கும் சித்தாளுக்கு ஒதுங்க ஓர் இடம் உண்டா என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? கழிப்பறையைக் கடைசியில் கட்டுவது வழக்கம். ஓரத்தில் தகரம் வைத்து அடைத்தாவது அதை முதலில் கட்டச் சொல்லுவேன் நான். ஆறு மாதம் நமக்கு நிழல் கட்டித் தருகிறவர்களுக்கு அது நாம் செய்யும் உபகாரம் அல்ல, கடமை.

பிறகு, பின்னால் வரப் போகிறவர்கள். கண்ணுக்குத் தெரியாத வேலையெல்லாம் அவர்களுக்காகவே. களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அந்த மண்ணில் அஸ்திவாரத்தின் ஆழத்தைக் குறைத்தால் சுவர் நம் பிள்ளைகள் காலத்தில் வெடிக்கும். கான்கிரீட் வெயிலில் உலர்ந்து இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது இறுகுவது உலர்வதால் அல்ல. சிமெண்டு தண்ணீரோடு கலந்து வினைபுரிவதால். ஆகவே தளம் போட்டபின் குறைந்தது ஏழு நாள், முடிந்தால் இரண்டு வாரம், ஈரம் காயாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிற யாரும் புகழப் போவதில்லை. புகழ்ச்சியில்லாத இடத்தில் ஒருவர் எப்படி நடந்து கொள்கிறார் என்பதைத் தளம் ஞாபகத்தில் வைத்துக் கொள்கிறது.

கடைசியாக, அண்டை வீட்டுக்காரர். 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. சட்டத்துக்காகச் சுவரில் குழாய் இறக்கி, அதை எங்கேயும் கொண்டு சேர்க்காமல் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்த அதே சென்னை, 2019 கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றது. பூமிக்குள் ஊறும் தண்ணீருக்கு மதில் சுவர் கிடையாது. நம் கூரைத் தண்ணீரைக் குழியில் இறக்கினால் அடுத்த வீட்டுக் கிணறும் ஊறும்; நம் தரையை மட்டும் உயர்த்திக் கொண்டு தண்ணீரைத் தள்ளிவிட்டால் அடுத்த வீட்டுக் கூடம் நனையும்.

"அந்தக் காலத்தில் திண்ணை வைத்துக் கட்டினார்கள், வழிப்போக்கனையும் நினைத்தார்கள்" என்று சிலர் பெருமூச்சு விடுவதுண்டு. திண்ணையை நானும் விரும்புகிறேன். ஆனால், எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய வீட்டை அப்படியே திரும்பக் கட்டுவதில் விமோசனம் இல்லை. திண்ணையின் தாராளத்தை எடுத்துக் கொண்டு அதன் கோணலை விட்டுவிட வேண்டும்.

"அழகே வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்கலாம். இல்லை. 1945-இல் இந்தியா வந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர், செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவே காற்றுக்கு இடம் விட்டுச் சுவர் எழுப்பினார். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாயிற்று. உள்ளே வெப்பமும் குறைந்தது. பூச்சுப் பூசாத அந்தச் சுவர்களுக்கென்று ஓர் அழகு இருக்கிறது. உள்ளே இருப்பவருக்குச் சுகம் தந்த காரியமே வெளியே இருப்பவருக்கு அழகாகத் தெரிகிறது. அத்தகைய அழகுக்கு நான் விரோதியல்ல.

'என் வீடு, என் சொந்த முயற்சி' என்று சொல்லிக் கொள்ள யாருக்காவது உரிமை உண்டென்றால் அது அமெரிக்க அறிஞர் தோரோவுக்கு உண்டு. 1845-இல் வால்டன் குளக்கரையில் பத்தடி அகலம், பதினைந்தடி நீளத்தில் தம் கையாலேயே ஒரு குடில் கட்டினார். ஆணி வரைக்கும் கணக்கு எழுதி, மொத்தச் செலவு இருபத்தெட்டு டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று புத்தகத்திலும் அச்சிட்டார். ஆனால், நிலம் அவர் நண்பர் எமர்சனுடையது. மரம் வெட்டிய கோடரி இரவல். கோடரியை வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்ததாக அவரே எழுதுகிறார்.

வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் யோசனைகளெல்லாம் அந்தக் கோடரியில் அடங்கியிருக்கின்றன. மண்ணும், தண்ணீரும், சித்தாளின் உழைப்பும், அடுப்பங்கரையில் நிற்கப் போகிறவரின் முதுகும் நமக்கு இரவலாகவே வருகின்றன. வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் மாலை காலி மனையில் போய் நில்லுங்கள். சமைக்கிறவராக, பாட்டியாக, சித்தாளாக, அடுத்த வீட்டுக்காரராக ஒரு தடவை அந்த இல்லாத வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே கோட்டை மாற்றிப் போடுங்கள். காகிதத்தில் அழிக்க ரப்பர் போதும்; சுவரை இடிக்கக் கடப்பாரை வேண்டும்.