சமப்பங்கு போதுமா?

பசிக்கு முன் அறம் நில்லாது என்பர் பழமை விரும்பிகள். எல்லாம் தலையெழுத்து என்பர் வேறு சிலர். மெய்தானா? 2015இல் வெளிவந்த 'இன் தி ஹார்ட் ஆப் தி சீ' என்னும் ஆங்கிலப் படம் நம்முள் எழுப்பிய வினா இது.

கட்டிய கதையன்று, நடந்த நிகழ்ச்சி! அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து திமிங்கில வேட்டைக்குச் சென்ற 'எசெக்ஸ்' கப்பலை, 1820 நவம்பர் 20ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் திமிங்கிலமொன்று மோதி உடைத்தது. விளக்கெரிக்க எண்ணெய் தேடிப் போன 20 பேர், மூன்று சிறு படகுகளில் தத்தளித்தனர். உணவு தீர்ந்தது. இறந்தோர் உடலை இருந்தோர் உண்டனர். பின்னர், 1821 பிப்ரவரியில், ஒரு படகில் சீட்டுக் குலுக்கினர். கப்பல் தலைவனின் உறவினனான ஓவன் காபின் என்னும் இளைஞன்மீது சீட்டு விழுந்தது. அவன் சுட்டுக் கொல்லப்பட்டான்.

"சீட்டுக்கு முன் யாவரும் சமம்! என்னே நேர்மை!" என்று வியப்பர் சிலர். வியக்குமுன் கணக்கைப் பாருங்கள், தோழர்களே! 20 பேரில் கறுப்பர் 6 பேர். தப்பிப் பிழைத்தோர் 8 பேர். அந்த எட்டில் கறுப்பர் எத்தனை? ஒருவருமில்லை! முதலில் உணவாக்கப்பட்ட நால்வரும் கறுப்பர்களே. சீட்டு வருமுன்பே அவர்கள் கணக்கு முடிந்துவிட்டது.

விதியா இது? படகில் ரொட்டி அளந்துதான் பகிரப்பட்டது. பங்கு சமம், பங்கு பெற்ற உடல்கள் சமமா? கப்பலில் மட்டமான உணவுண்டு வந்தமையால் கறுப்பர் முன்னரே நலிந்திருக்கக்கூடும் என்று கருதுகிறார், படத்திற்கு மூலமான நூலை எழுதிய நதானியல் பில்பிரிக். ஆகவே, கடல் செய்த கொலை என்று மட்டும் இதனைக் கூறிவிட முடியாது. கரையிலேயே தொடங்கிய கொடுமையைக் கடல் முடித்து வைத்தது!

சங்கரன்கோவில் வட்டாரத்து வகுப்பறைகளில் நிற்கும் நமக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று. விசைத்தறித் தொழிலாளியின் பிள்ளைக்கும், வசதி படைத்தோன் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, "சமவாய்ப்பு அளித்தோம்" என்பது நேர்மையா? வெறும் வயிற்றோடு வந்தவன் தோற்றால், அது அவன் அறிவின் குறையா?

எசெக்ஸ் உடைந்து நூறாண்டு கழித்து, 1920இல், தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. காமராசர் ஆட்சி அதனை விரிவாக்கியது. 2022இல் காலை உணவும் வந்தது. இவை பிச்சையல்ல, இரக்கமுமல்ல. படகில் ஏறுமுன்பே உடல்களைச் சமமாக்கும் நீதி!

இடர் வந்தபின் பங்கிடுவது ஒழுங்கு. இடர் வருமுன் ஏற்றத்தாழ்வை ஒழிப்பதே அறம். அந்த அறத்தை நிலைநாட்டச் சீட்டுக் குலுக்கத் தேவையில்லை, இளைஞர்காள். சிந்தனை போதும், செயல் போதும்!