யார் செய்த வண்டி?

அடையாறு காந்தி நகரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியங்கள் எதிலும் அவருக்கு நாட்டமில்லை. காலையில் எலியட்ஸ் கடற்கரையில் நடப்பதில்லை. மாலையில் சபாக் கச்சேரிகளுக்குப் போவதில்லை. வீட்டின் பின்புறம் மாமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு மூன்று வருஷமாக ஒரு மோட்டார் காருக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல பழைய காராகப் பார்த்து ஒன்றை வாங்கிவிட்டிருக்கலாமே!" என்றேன் ஒரு நாள்.

"கல்யாண வீட்டில் சாப்பாடு கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருக்கிறோமா, ஸார்?" என்றார்.

அவரிடம் முதலில் இருந்தவை 1934-ஆம் வருஷத்து ஆஸ்டின் செவன் ஒன்றின் சேஸிஸும் எஞ்சினும்தாம். பாடி எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. 1922-இல் இங்கிலாந்தில் பிறந்து 1939 வரை உற்பத்தியான சின்னஞ்சிறு வண்டி அது. எஞ்சின் 747 சி.சி.தான். சேஸிஸ் இலேசானது, எளிமையானது. ஆகையால் மேலே இருப்பதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தமக்குப் பிடித்த பாடியை வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் பைத்தியம் அந்த நாட்டிலும் பலருக்கு இருந்தது. பிற்காலத்தில் லோட்டஸ் பந்தயக் கார்களால் புகழ் பெற்ற காலின் சாப்மன் 1948-இல் கட்டிய முதல் வண்டியும் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றின் மேல் எழுந்ததுதான். அதற்குப் பட்டறையாக இருந்தது அவர் காதலித்த பெண்ணின் வீட்டுக் கொட்டகை!

நண்பருக்கு அத்தகைய கொட்டகை அவர் வீட்டிலேயே இருந்தது. தேக்குச் சட்டங்களால் ஒரு கூடு செய்தார். அதன் மேல் அலுமினியத் தகடு போர்த்த வேண்டும். அதற்குத் தியாகராய நகரில் ஒரு சந்தில் தொழில் செய்துகொண்டிருந்த வயதான டிங்கர் ஒருவரைப் பிடித்து வந்தார்.

அந்தக் கிழவர் வேலை செய்வதைப் பார்ப்பதற்காகவே நான் மயிலாப்பூரிலிருந்து அடிக்கடி அடையாறு போனேன். தகட்டின் மேல் சோப்பைத் தேய்ப்பார். அடியில் சுடரைக் காட்டுவார். சோப்பு கருத்தவுடன் நிறுத்திவிடுவார். அதுதான் பதம், அதற்கு மேல் போனால் தகடு உருகிவிடும். பதப்பட்ட தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டத் தட்ட, தட்டையாக இருந்தது மெல்ல மெல்லக் குழிந்து மட்கார்டாக மாறும். ஒரு மட்கார்டுக்கு இரண்டு வாரம். 2023-இல் வேலை முடிந்தபோது, படகின் பின்புறம்போல் கூம்பிய வாலுடன் அந்த வண்டி மாமரத்தடியில் நின்ற அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. மறு வருஷம் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றில் வண்டியை நிறுத்தப் போவதாகவும், முன்னால் வைக்கும் அட்டைக்கு நான் இரண்டு வரி எழுதித் தர வேண்டும் என்றும் நண்பர் கேட்டார். நானும் எழுதினேன்: "1934-இல் பிறந்த இந்த வண்டி தொண்ணூறு ஆண்டுகளாகத் தன் அழகைக் காத்து நிற்கிறது."

நண்பர் மகிழ்ந்துபோனார். டிங்கரையும் கூப்பிட்டு, உரக்கப் படித்துக் காட்டினார். கிழவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கோபமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்:

"அப்போ நான் பதினாலு மாசமா அடிச்சது எது, சார்?"

எனக்குச் சுருக்கென்றது. சொல் சொல்லாக எடுத்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் பொய் இருப்பதாக யாரும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் முழுதும் பொய். கதை எழுதுகிறவனுக்கு இந்த வித்தை கைவந்த வித்தை.

நண்பர் சும்மா இருக்கவில்லை, வாதாடினார். "பழைய பாடி மட்டும் ஆஸ்டின் மகான் தம் கையால் அடித்ததா? அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸே சேஸிஸை மட்டும்தானே விற்றது? வாங்கியவர் பாடி கட்டும் பட்டறைக்குப் போய்த் தம் இஷ்டப்படி கட்டிக்கொண்டார். நான் செய்ததும் அதுதானே?" என்றார்.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. உறுப்புகள் மாறிவிட்டால் பொருளும் மாறிவிட்டதா என்பது பழைய கேள்வி. கிரேக்கர்கள் ஒரு கப்பலை வைத்து அதைக் கேட்டார்கள். மிலிந்த அரசரிடம் நாகசேனர் ஒரு தேரை வைத்து, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று கேட்டார். நம் ஊரில் தேருக்குப் புதுச் சக்கரம் போட்டால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. திருச்சி பெல் தொழிற்சாலை பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரங்கள் செய்து கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சக்கரங்கள் சோழர் காலத்தவை என்று எந்தக் கோயிலிலும் சொல்வதில்லை. தேர் பழையது, சக்கரம் புதியது என்பது வடம் பிடிப்பவர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பிடிக்கிறார்கள்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதியின்படி ஒரு வண்டி 'விண்டேஜ்' என்று பதிவாக வேண்டுமானால், அது முதலில் பதிவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் நண்பரின் வண்டிக்கு அந்தத் தகுதி இல்லை. அதை அவர் ஓர் அவமானமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய பொருள் ஒரு சாட்சி. அன்று எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அது வாக்குமூலம் தருகிறது. புதியதைப் பழையது என்று நிறுத்தினால் அது பொய்ச் சாட்சி. புதியதைப் புதியது என்றே நிறுத்தினால் அதில் குறை என்ன இருக்கிறது?

ஆனால் கிழவரின் கேள்வி இதற்கும் அப்பால் போகிறது. பழையது என்ற பொய் பார்ப்பவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. செய்தவனையும் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. உயிரோடு எதிரே நிற்பவரின் பதினாலு மாத உழைப்பைப் பிடுங்கி, தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய முகம் தெரியாத ஒரு தொழிற்சாலையின் கணக்கில் எழுதப் பார்த்தேன் நான்.

இப்படி எழுதுவது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோடு சிம்ப்ஸன் நிறுவனம் 1840-இல் குதிரைக் கோச்சு வண்டிகள் கட்டத் தொடங்கியது. அதைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் ஒரு நீராவிக் காரைச் செய்தார். இந்தியாவில் செய்த முதல் நீராவிக் கார் என்று அதைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். நிறுவனத்தின் பெயர் நின்றது. ஒருவர் பெயரும் நின்றது. தகடு அடித்த கைகள், மரம் இழைத்த கைகள், வர்ணம் பூசிய கைகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றில் ஒன்றின் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

அட்டையைக் கிழித்துப் போட்டு, புதிதாக எழுதினேன்: "சேஸிஸ், எஞ்சின்: 1934, இங்கிலாந்து. பாடி: 2023, அடையாறு." நண்பர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். பாடி கட்டிய பழைய பட்டறைகள் கதவைத் திறந்தால் தெரியும்படி, வாசல் படியில் தங்கள் பெயர் பொறித்த சின்னத் தகடு ஒன்றைப் பதித்து அனுப்புவது வழக்கமாம். "நாமும் ஒன்று அடித்துவிடுவோம்" என்றார்.

பித்தளைத் தகட்டில் என்ன பொறிப்பது என்று கிழவரிடம் கேட்டோம். அவர் தம் பெயரைச் சொன்னார். கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"பையன் பேரையும் போட்ருங்க சார். பட்டி பார்த்தது அவன்தான்."

கண்காட்சியில் அந்த வண்டிக்குப் பரிசு கிடைக்கவில்லை. தகட்டில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.